பங்குக் கடிதமும் மஞ்சள் கடுதாசியும்

கடன் தாங்காமல் ஒருவர் நொடித்துப் போனால் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று கூறுவது நம் ஊர் வழக்கம். முன்னாளில் அது வியாபாரிகளின் வீட்டு விஷயமாக இருந்தது. மாதச் சம்பளக்காரராகிய நமக்கும் அதற்கும் வெகு தூரம். இன்றோ நம் பிள்ளைகள் தாம் வேலை பார்க்கும் கம்பெனியில் பங்குதாரராகவும் இருக்கின்றனர். ஆகவே கம்பெனி கொடுக்கும் மஞ்சள் கடுதாசி நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்கிறது.

சென்ற மாதம் சங்கத்தின் நூலக அறையில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணம். நெடுநாளைய உறுப்பினர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், துணிப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து நம்முன் வைத்தார். ஒன்று, பெங்களூரில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அவருடைய மகனுக்கு அவனுடைய கம்பெனி நான்கு ஆண்டுகளுக்கு முன் அளித்த பங்குக் கடிதம். மற்றது, அதே கம்பெனியின்மீது திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டதாகப் பத்திரிகையில் வெளிவந்த அறிவிப்பின் நகல். முதிர்ந்த பங்குகளை விலை கட்டி எடுத்துக்கொள்வதற்காகக் கும்பகோணத்துக்கு அருகில் இருந்த நான்கு மா நிலத்தை விற்றிருக்கிறார்கள். முதிராத பங்குகள் இன்னும் கடிதத்தில் எழுத்தாகவே இருக்கின்றன.

“தம்பி, நீங்கள் ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவர். எனக்கு ஒன்றை விளக்குங்கள்” என்றார் அவர். “கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படித்தேன். ஊழியர்களுக்கு அளித்த பங்குக்காக இத்தனை கோடி செலவு என்று அதில் எழுதியிருக்கிறது. செலவு எழுதிவிட்டால் கொடுத்தாகிவிட்டது என்றுதானே பொருள்? கொடுத்தது எங்கே போயிற்று?”

அன்று நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பற்று வரவு எழுதிப் பழகிய நமக்கும் அக்கேள்வி புதிதாகவே இருந்தது. பின்னர் சட்டத்தையும் கணக்கு விதிகளையும் படித்து, தணிக்கையாளர் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தோம். அவ்விடை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. பங்குக் கடிதம் வந்திருக்கும் இல்லங்கள் நம் சங்கத்தில் பல உள்ளன. எனவே இங்கே எழுதுகிறோம்.

கடிதத்தில் இருப்பது என்ன?

ஊழியருக்குச் சம்பளத்தோடு பங்கையும் அளிக்கும் முறை அமெரிக்காவில் வேரூன்றி நம் நாட்டுக்கு வந்ததாகும். இங்கே இன்ஃபோஸிஸ் 1994-ஆம் ஆண்டிலேயே அத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. சென்னையில் தோன்றிய ஃபிரெஷ்வொர்க்ஸ் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் தன் பங்குகளைப் பட்டியலிட்டபோது, ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரராயினர் என்று அதன் தலைவர் கூறினார். இத்தகைய செய்திகளைக் கேட்ட பெற்றோர் பங்குக் கடிதத்தைப் பூஜை அறையில் வைத்ததில் வியப்பில்லை.

‘ஈஸாப்’ என்று பிள்ளைகள் பேச்சில் வழங்கும் இப்பங்குகள் பெரும்பாலும் இருவகைப்படும். முதல் வகை, பங்கை வாங்கும் உரிமை. இன்ன விலைக்கு இத்தனை பங்குகளைப் பின்னொரு நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். சந்தை விலை உயர்ந்தால் ஊழியருக்கு லாபம். தாழ்ந்தால் அவர் வாங்காமல் இருந்துவிடலாம். இரண்டாம் வகை, விலை ஏதும் கட்டாமல், அல்லது பங்கின் முகமதிப்பாகிய சிறு தொகையை மட்டும் கட்டி, குறித்த காலம் வேலை செய்தபின் பெறும் பங்கு. இதனை ‘ஆர்.எஸ்.யு.’ என்பர்.

எவ்வகையாயினும் மூன்று நாட்களை வேறுபடுத்தி அறிய வேண்டும். கடிதம் கொடுப்பது வழங்கும் நாள். குறித்த காலம் வேலை செய்து உரிமை உறுதியாவது முதிரும் நாள். பணம் கட்டிப் பங்கைத் தம் பெயரில் பெறுவது எடுத்துக்கொள்ளும் நாள். நம் நாட்டு விதிப்படி வழங்கும் நாளுக்கும் முதிரும் நாளுக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இருத்தல் வேண்டும். முதிருமுன் வேலையை விட்டால் அந்த உரிமை அற்றுப்போகும். பணியில் இருக்கும்போதே ஊழியர் இறந்துவிட்டால் முதிராத உரிமையும் உடனே முதிர்ந்து வாரிசுகளைச் சேரும்.

கடிதத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் தொகை, வழங்கும் நாளின் மதிப்பு. அது கையில் வந்த பணமன்று. நம் அன்பரின் குடும்பமோ அத்தொகையை வீட்டுக் கணக்கில் ஆஸ்தியாகவே எழுதி வைத்திருந்தது.

பேரேட்டில் எழுதும் முறை

இனிக் கம்பெனியின் பேரேட்டைப் பார்ப்போம். முன்னாளில் இதற்குப் பெரும்பாலும் செலவே எழுதுவதில்லை. அமெரிக்காவில் 1972-இல் ஏற்பட்ட விதிப்படி, வழங்கும் நாளில் சந்தை விலைக்கும் ஊழியர் கட்ட வேண்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் செலவு. இரண்டும் சமமாக இருந்தால் செலவு சைபர். கோடிக்கணக்கில் பங்குரிமை கொடுத்த கம்பெனிகளும் லாப நஷ்டக் கணக்கில் ஒரு காசும் காட்டாமல் இருந்தது இவ்வாறுதான்.

கணக்கு விதிகளை வகுக்கும் அந்நாட்டு வாரியம் 1993-இல் இதனை மாற்ற முயன்றது. கம்பெனிகள் கடுமையாக எதிர்த்தன. 1994 மே மாதத்தில் செனட் சபையும் 88-க்கு 9 என்ற வாக்கில் அம்முயற்சிக்கு எதிராகத் தீர்மானம் இயற்றிற்று. ஆகவே 1995-இல், அடிக்குறிப்பில் காட்டினால் போதும் என்று வாரியம் விட்டுக்கொடுத்தது. பெருங்கம்பெனிகள் சில சரிந்து, கணக்குகளின்மீது மக்களுக்கு நம்பிக்கை குன்றிய பின்னரே, 2004-இல் செலவு எழுதுவது கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் உலகப் பொதுக் கணக்கு விதியும் வந்தது. அதை ஒட்டிய இந்தியக் கணக்கு விதி 102, 2016 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகளில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

அவ்விதியின் போக்கை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவோம். ஓர் ஊழியருக்கு 400 பங்குகள் வழங்கப்படுகின்றன. வழங்கும் நாளில் ஒரு பங்கின் மதிப்பு ரூ. 500, ஆக மொத்தம் ரூ. 2,00,000. நான்கு ஆண்டு வேலை செய்த பின்னரே எல்லாப் பங்குகளும் முதிரும். கம்பெனி இந்த இரண்டு லட்சத்தை நான்கு ஆண்டுகளுக்கும் பகிர்ந்து, ஆண்டுக்கு ரூ. 50,000 வீதம் ஊழியர் ஊதியச் செலவாக எழுதும். இது பற்று.

பற்று எழுதினால் அதற்கு நேராக வரவு எழுத வேண்டும் அல்லவா? சம்பளம் பாக்கி என்றால், வரவு கொடுக்க வேண்டிய கடன் பகுதியில் விழும். இங்கே அவ்வாறன்று. ‘ஊழியர் பங்குரிமை நிலுவை’ என்ற பெயரில் பங்குதாரர் நிதியில் விழுகிறது. ஐந்தொகையில் அது மூலதனத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கடன்களுக்குப் பக்கத்தில் நில்லாது.

நம் அன்பரின் கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. கம்பெனி செலவு எழுதியது உண்மை. ஆனால் அச்செலவுக்காகப் பெட்டியிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகவில்லை. ‘உனக்கு இவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்று கடனும் எழுதப்படவில்லை. ஊழியர் தம் உழைப்பைக் கொடுத்தார். அதனை மூலதனமாக வைத்துக் கம்பெனியில் ஒரு சிறு முதலாளியாகச் சேர்ந்தார். பேரேடு கூறும் கதை இதுதான். பங்குக்குப் பதில் ரொக்கமாகவே தருவோம் என்று எழுதிக்கொடுத்த திட்டங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைக் கடனாகவே எழுதி, ஆண்டுதோறும் புதிதாக மதிப்பிட வேண்டும்.

கம்பெனி விழும்போது

கம்பெனி நொடித்துப்போனால் இக்கணக்கு என்னவாகும்? மூன்று விதமாக முடியலாம்.

முதலாவது, பங்கு முதிருமுன் ஊழியர் வேலையை விடுவது, அல்லது ஆட்குறைப்பில் நீக்கப்படுவது. அப்போது, அவருக்காக அதுவரை எழுதிய செலவைக் கம்பெனி திருப்பி எழுதும். நம் உதாரணத்தில் இரண்டு ஆண்டு கழித்து நீக்கப்பட்டால், எழுதிய ரூ. 1,00,000 அழிக்கப்படும். செலவே நடக்கவில்லை என்று கணக்கு முடியும். இரண்டு ஆண்டு உழைப்பு உழைப்பாகவே இருக்கும். பங்கு மட்டும் இல்லாது போகும்.

இரண்டாவது, பங்கு முதிர்ந்தபின் அதன் விலை தரைமட்டமாவது. ஊழியர் உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டாலும், எழுதிய செலவு எழுதியதுதான், அதனைத் திருப்பக்கூடாது. ஏனெனில் உழைப்பைப் பெற்ற அன்றே கம்பெனிக்குச் செலவு ஆகிவிட்டது என்பது விதியின் கொள்கை. பங்கின் பிற்காலத் தலைவிதி செலவை மாற்றாது.

மூன்றாவதுதான் மிகவும் விசித்திரமானது. ஊழியர் வேலையில் இருக்கும்போதே, மாற்று ஏதும் தராமல் கம்பெனி திட்டத்தையே ரத்து செய்துவிடுவது. அப்போது மீதமுள்ள செலவு முழுவதையும் உடனே எழுதிவிட வேண்டும் என்கிறது விதி. இரண்டாம் ஆண்டு முடிவில் ரத்தானால், மிச்சம் ரூ. 1,00,000-உம் அன்றே செலவாகிறது. ஆகப் பேரேட்டில் இரண்டு லட்சமும் ஊதியமாகக் காணும். ஊழியர் கையில் ஒரு ரூபாயும் இராது. கணக்கு எழுதியவர் பிழை செய்யவில்லை, விதிப்படியே எழுதினார். உழைப்பின் விலையைப் பதிவு செய்வதே அவ்விதியின் நோக்கம். ஊழியருக்குக் கிடைத்தது என்ன என்று அது பார்ப்பதில்லை.

ஆகவே நண்பர்கள் ஆண்டறிக்கையில் காணும் அந்தச் செலவை ரசீதாகக் கருதிவிடக்கூடாது. அது கம்பெனி தன் பங்குதாரருக்குக் காட்டும் கணக்கே ஒழிய, ஊழியருக்கு எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டு அன்று.

வரிசையில் யார் முன்னே?

திவால் என்று வந்தபின் பேரேட்டை மூடிவிட்டுச் சட்டத்தைத் திறக்க வேண்டும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் கம்பெனிகளுக்கு உரியது. தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றவுடன், பழைய நிர்வாகிகளின் அதிகாரம் தீர்வு அதிகாரி ஒருவரின் கைக்குப் போகும். முதலில் கம்பெனியை வேறொருவர் ஏற்று நடத்த வழி தேடுவர். அது கைகூடாவிட்டால் சொத்துக்களை விற்றுக் கணக்குத் தீர்ப்பர்.

அவ்வாறு விற்றுவந்த பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. முதலில், நடவடிக்கைக்கான செலவு. இரண்டாவது, சட்டம் ‘தொழிலாளி’ என்று கூறுவோரின் 24 மாதப் பாக்கியும், தம் ஈட்டை விட்டுக்கொடுத்த ஈட்டுக் கடன்காரரின் தொகையும் சமமாக. மூன்றாவது, மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளப் பாக்கி. நான்காவது, ஈடின்றிப் பணம் கடன் கொடுத்தோர். ஐந்தாவது, அரசுக்குச் சேர வேண்டியவை முதலியன. ஆறாவது, ஏனைய கடன்கள். ஏழாவது, முன்னுரிமைப் பங்குதாரர். எட்டாவதாக, கடைசியில், சாதாரணப் பங்குதாரர்.

ஒரே ஊழியர் இவ்வரிசையில் இரண்டு இடத்தில் நிற்பதைக் காண்க. சம்பளப் பாக்கிக்காக இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நிற்கிறார். பங்குக்காக எட்டாவதில் நிற்கிறார். முதிராத உரிமைக்கோ வரிசையில் இடமே இல்லை. ரயிலில் காத்திருப்போர் பட்டியலில் கடைசியில் இருப்பவருக்கு இடம் கிடைக்காவிட்டாலும் டிக்கட் பணத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். இவ்வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அதுவும் இல்லை.

கம்பெனியை வேறொருவர் ஏற்று நடத்தினாலும் பழைய பங்கு பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கடன் கொடுத்துவந்த திவான் ஹவுஸிங் ஃபைனான்ஸ் கம்பெனியை ஏற்கும் திட்டத்தைத் தீர்ப்பாயம் 2021 ஜூனில் அங்கீகரித்தது. கம்பெனியின் வியாபாரம் புதியவர் கைக்குச் சென்று தொடர்ந்தது. பழைய பங்குகளோ மதிப்பற்றவை என்று நீக்கப்பட்டன. கம்பெனி பிழைப்பது வேறு, அதன் பழைய பங்கு பிழைப்பது வேறு.

இதற்கு மாறாக, சட்டம் தனியே பாதுகாத்து வைத்த பொருளும் உண்டு. பிராவிடண்டு நிதி, பென்ஷன் நிதி, கிராஜுவிட்டி நிதி ஆகியவற்றிலிருந்து ஊழியருக்குச் சேர வேண்டியவை, கலைக்கப்படும் கம்பெனியின் சொத்தில் சேரா என்று 36-ஆம் பிரிவு கூறுகிறது. ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனி 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திற்று. ஜூனில் திவால் நடவடிக்கை தொடங்கிற்று. ஊழியரின் பிராவிடண்டு நிதி, கிராஜுவிட்டிப் பாக்கிகளைக் கொடுக்க வேண்டும் என்று 2022-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பின்னர் 2024 நவம்பரில் அக்கம்பெனியைக் கலைத்துவிடுமாறு உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது. உரிமை சட்டத்தில் இருந்தும், அதனைப் பெற ஊழியர் எத்தனை ஆண்டு படியேறி இறங்க வேண்டியிருந்தது என்பதையும் இந்த ஆண்டுகளே கூறும்.

கடல் கடந்த படிப்பினைகள்

ஊழியர்கள் இதனை எதிர்த்து வழக்காடவில்லையா எனக் கேட்கலாம். ஆடினர். அதனையும் அறிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனியில் 1994-ஆம் ஆண்டு விமானிகளும் இயந்திரத் தொழிலாளரும் அலுவலர் பலரும் சம்பளக் குறைப்பை ஏற்று, அதற்கு ஈடாகக் கம்பெனியின் 55 சதவீத உரிமையைப் பெற்றனர். தொழிலாளரே முதலாளி ஆயினர் என்று உலகம் பேசிற்று. 2002 டிசம்பர் 9-ஆம் நாள் அக்கம்பெனி திவால் பாதுகாப்புக் கோரியது. 2006 பிப்ரவரியில் புத்துயிர் பெற்று வெளிவந்தபோது பழைய பங்குகள் ரத்தாகியிருந்தன. விமானங்கள் இன்றும் பறக்கின்றன. சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பெற்ற பங்கை அன்றுவரை வைத்திருந்தவர் கையில் வெறும் காகிதமே மிஞ்சிற்று.

என்ரான் கம்பெனியின் கதை இன்னும் கொடியது. அதன் பங்கு 2000 ஆகஸ்டில் ஏறக்குறைய 90 டாலர் விற்றது. 2001 டிசம்பர் 2-ஆம் நாள் திவால் மனு கொடுத்தபோது ஒரு டாலருக்கும் கீழே. ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பில் கம்பெனி தன் பங்காகச் செலுத்தியது அதே பங்குகளை. அவற்றை ஐம்பது வயது ஆகும்வரை விற்க முடியாது என்ற நிபந்தனையும் இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போயின. 2006-இல் வந்த சட்டம், கம்பெனி அவ்வாறு செலுத்திய பங்குகளை மூன்று ஆண்டு சேவைக்குப் பின் வேறு முதலீடாக மாற்றிக்கொள்ளும் உரிமையை ஊழியருக்கு வழங்கிற்று.

மூன்றாவது, லீமன் பிரதர்ஸ். 1850-இல் தோன்றிய இந்நிறுவனம் 2008 செப்டம்பர் 15-ஆம் நாள் திவால் மனு கொடுத்தது. ஊழியரின் ஊதியத்தில் ஒரு பகுதியை, ஐந்து ஆண்டு கழித்துப் பங்காக மாறும் ‘ஆர்.எஸ்.யு.’க்களாகக் கொடுத்துவந்தது. முதிருமுன் நிறுவனம் விழுந்ததால் பங்கு கிடைக்கவில்லை. “இது எங்கள் சம்பளம். பங்காகத் தர முடியாவிட்டால் ரொக்கமாகத் தாருங்கள், மற்றக் கடன்காரரோடு எங்களையும் நிறுத்துங்கள்” என்பது ஊழியரின் வாதம். நியாயமான வாதமாகத்தான் தோன்றும். ஆயினும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடிவாகக் கூறிவிட்டது. அந்த உரிமையும் பங்கைப் போன்ற பத்திரமே. உழைப்பைக் கொடுத்து அதனைப் பெற்றதும் ஒருவகை வாங்குதலே. பங்குதாரருக்குரிய லாபத்தை எதிர்பார்த்தவர் பங்குதாரருக்குரிய நஷ்டத்தையும் ஏற்க வேண்டும். ஆகவே கடன்காரருக்குப் பின்னேதான் நிற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

கணக்கு விதி அப்பொருளை ஊதியச் செலவு என்கிறது. திவால் நீதிமன்றம் அதையே முதலீடு என்கிறது. நம் அன்பரின் கேள்விக்கு மீதி விடை இதுவே. கொடுத்தது எங்கும் போகவில்லை. அது தொடக்கம் முதலே கம்பெனியின் மூலதனத்துக்குள் இருந்தது. மூலதனம் அழிந்தபோது அதுவும் அழிந்தது.

இல்லத்தார் செய்யத்தக்கவை

பங்கு வேண்டாம் என்று கூறுவது நம் நோக்கமன்று. அதனால் வாழ்வு பெற்றோரும் உண்டு. ஆனால் சில விஷயங்களை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது நலம்.

பங்குக் கடிதத்தின் தொகையை வீட்டு ஆஸ்தியில் சேர்க்காமல் தனித்தாளில் எழுதி வைக்க வேண்டும். அதை நம்பி வீட்டுக் கடனோ திருமணச் செலவோ தீர்மானிக்கலாகாது. சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பியிருப்பது ஆபத்து. பட்டியலில் உள்ள பங்கானால், கைக்கு வந்தபின் ஒரு பகுதியை விற்று வேறிடத்தில் வைப்பது அறிவுடைமை.

விலை கட்டிப் பங்கை எடுத்துக்கொள்ளும் நாளில், அன்றைய மதிப்புக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகவே கருதப்பட்டு வருமான வரிக்கு உட்படும். பின்னர் பங்கு வீழ்ந்தது என்பதற்காக அவ்வரி திரும்பி வராது. பட்டியலில் இல்லாத கம்பெனியானால், விற்பதற்குச் சந்தையும் இல்லாமல் வரி மட்டும் கட்ட நேரிடலாம். ஆகவே கடன் வாங்கியோ நிலத்தை விற்றோ பங்கை எடுப்பதற்கு முன், இத்தொகை முழுவதும் போனாலும் வீடு நிற்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையை விட்டபின் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கடிதத்தில் படித்துப் பார்க்க வேண்டும்.

சம்பளம் தாமதமாகத் தொடங்கினால் பிராவிடண்டு நிதிக் கணக்கை மாதந்தோறும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குரிய தொகையை அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் கம்பெனி செலுத்தியாக வேண்டும். பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்றால் அதுவே முதல் எச்சரிக்கை.

திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டால், தீர்வு அதிகாரி வெளியிடும் அறிவிப்பில் உரிமைகோரலுக்கான கடைசி நாள் இருக்கும். ஊழியர் ‘டி’ படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளப் பாக்கி, விடுமுறைச் சம்பளம், கிராஜுவிட்டி, முன்னமே அறிவித்துக் கொடுக்காத ரொக்க போனஸ் ஆகியவற்றை மாதவாரியாக எழுதி, சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு இவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். இக்காகிதங்களைக் கம்பெனியின் கணினியில் மட்டும் வைத்திருந்தால் வேலை போகும் நாளில் அவையும் போய்விடும். வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் அன்பரைச் சந்தித்தோம். மகனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பொறுமையாகக் கேட்டபின் பெரியவர் ஒன்றே கேட்டார்.

“அப்படியானால் நிலம் போயிற்றா, தம்பி?”

“போயிற்று என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஏதேனும் வந்தால் வரவு வைத்துக்கொள்ளலாம்” என்றோம். வேறு விதமாகச் சொல்ல நமக்கு மனம் துணியவில்லை. மகன் தலை குனிந்திருந்தான். தகப்பனார் அவனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. “சம்பள பாக்கி எத்தனை மாதம்?” என்று மட்டும் கேட்டார். “மூன்று மாதம், அப்பா” என்றான் அவன்.

உரிமைகோரலுக்கு இன்னும் நான்கு நாள் தவணை இருந்தது. நூலக மேசையின்மேல் படிவத்தை விரித்து, மூன்று மாதச் சம்பளம், சேர்ந்திருந்த விடுமுறை நாட்கள், ஆறு ஆண்டுக் கிராஜுவிட்டி ஆகியவற்றை எழுதி முடித்தோம். பங்குக் கடிதத்தைப் பெரியவர் மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். படிவத்தை மகன் அன்று மாலையே அனுப்பிவிட்டான்.

இதே நிலையில் உள்ள அன்பர்கள் எவரேனும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதங்களோடு நூலக அறைக்கு வரலாம். படிவம் நிரப்புவதற்கு நம்மாலான உதவியைச் செய்வோம்.